37 வயதில் சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள், 51-ல் மணிக்கட்டு முறிந்தது: ஹார்மோனுக்கும் எலும்புக்கும் என்ன தொடர்பு?

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் அம்மா கொல்லைப்புறத்தில் துவைகல் பக்கத்தில் வழுக்கி விழுந்தாள். மாடியிலிருந்தோ படிக்கட்டிலிருந்தோ விழவில்லை. நின்ற இடத்திலேயே கால் சறுக்கியது, வலது கையை ஊன்றினாள், அவ்வளவுதான். மணிக்கட்டு மேல்பக்கமாகப் புடைத்து வளைந்துவிட்டது.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி எங்களுக்கு விளங்கவே இல்லை. "அம்மாவுக்கு மாதவிலக்கு எப்போது நின்றது?" கை முறிந்ததற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நானும் அம்மாவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். 37 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். பழைய சீட்டு இருந்தால் கொண்டுவரச் சொன்னார்.

வீட்டில் ட்ரங்குப் பெட்டியைக் கிளறி, பட்டா நகலுக்கு அடியில் மடித்து வைத்திருந்த டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்தேன். மடிப்பில் கிழிந்து போயிருந்தது. அதில் "டி.ஏ.எச். வித் பி.எஸ்.ஓ." என்று ஒரு வரி. டாக்டர் அந்த எழுத்துகளின் மேல் பேனாவை வைத்துச் சொன்னார்: முதல் மூன்றும் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை முழுதாக எடுத்தது, அடுத்த மூன்றும் இரண்டு பக்கத்துச் சினைப்பையையும் குழாயையும் எடுத்தது. "இது உங்களுக்குத் தெரியுமா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா இல்லை என்று தலையாட்டினாள். 14 வருஷமாக எங்கள் வீட்டில் "கர்ப்பப்பை எடுத்தாச்சு" என்றுதான் சொல்லி வந்தோம். வேறு எதையோ சேர்த்து எடுத்தார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பு மைனஸ் 3.4, இடுப்பு மைனஸ் 2.6. மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். கூட்டம் அதிகம், அதனால் மேலே கேட்க முடியவில்லை. சினைப்பை எங்கே, மணிக்கட்டு எங்கே? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

நடைபழகு
ஞாயிறு, இரவு 9.52

பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன் அக்கா. விளக்கம் சொல்ல இங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஒரு சொல்லைப் பற்றி மட்டும் எச்சரிக்கிறேன். அம்மாவுக்கு "எலும்புத் தேய்மானம்" என்று யாராவது சொல்வார்கள், அதைக் கேட்டு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். நம் ஊரில் முட்டி வலிக்கும் தேய்மானம் என்கிறோம், கழுத்து வலிக்கும் தேய்மானம் என்கிறோம், எலும்பு அடர்த்தி குறைவதற்கும் அதே சொல்தான். முட்டித் தேய்மானத்தில் குருத்தெலும்பு தேய்கிறது, அது வலிக்கும். அடர்த்தி குறைவது வலிக்கவே வலிக்காது. முறிகிற அன்றைக்குத்தான் தெரியும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு சொல்லால் குழம்பித்தான் வருகிறார்கள்.

மாலை_ஓபி
ஞாயிறு, இரவு 11.20

நாளமில்லாச் சுரப்பி மருத்துவம், அதாவது ஹார்மோன் மருத்துவம் பார்க்கிறேன். உங்கள் அம்மாவின் எலும்பு டாக்டர் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்.

எலும்பை நாம் கல்தூண் மாதிரி நினைக்கிறோம், ஒரு தடவை வளர்ந்தால் அப்படியே நிற்கும் என்று. அப்படி இல்லை. உடம்பில் வருஷத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு எலும்பு அரிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகிறது. அரிக்க ஒரு வகைச் செல், கட்ட இன்னொரு வகை. ஓரிடத்தில் அரிக்கிறவை சுமார் மூன்று வாரத்தில் குழி பறித்துவிடும். அந்தக் குழியை நிரப்பக் கட்டுகிறவைக்கு மூன்று நான்கு மாதம் ஆகும். பறிப்பது சுலபம், நிரப்புவது நிதானம். மொத்தச் சிக்கலும் இந்தக் கால வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அரிக்கிற செல்களைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. அரிக்கும் செல் முதிர்ந்து வேலைக்கு வர ரேங்க்-எல் என்ற புரதம் அழைப்பு விட வேண்டும். ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை அந்த அழைப்பு குறைவாக இருக்கும். அழைப்பை வழியிலேயே மடக்கிப் பிடிக்கிற ஆஸ்டியோபுரோட்டெஜெரின் என்ற புரதம் கூடுதலாக இருக்கும். வேலை முடித்த செல் சீக்கிரம் செத்தும் போகும். ஈஸ்ட்ரோஜன் போய்விட்டால் இவை எல்லாம் தலைகீழ். பறிக்கும் இடங்கள் கூடும், ஒவ்வொரு குழியும் ஆழமாகும். கட்டுகிற செல்களும் வேகம் எடுக்கத்தான் செய்யும், ஆனால் ஈடு கொடுக்க முடியாது.

எலும்பை வெட்டிப் பார்த்தால் உள்ளே மெல்லிய தகடும் குச்சியுமாகப் பின்னிக்கிடக்கும், தேன்கூடு மாதிரி. அந்தத் தகட்டில் குழி ஆழமாகி மறுபக்கம் துளைத்துக்கொண்டு போய்விட்டால், அப்புறம் கட்ட வருகிற செல்லுக்கு நிற்க இடமே இல்லை. பாதிச் சுவர் இருந்தால் மேலே கட்டலாம், சுவரே இல்லையென்றால் எதன் மேல் கட்டுவது? போன குச்சி போனதுதான். ஆகவே முதல் சில வருஷம் ரொம்ப முக்கியம். இப்படிப்பட்ட பின்னல் எலும்பு அதிகம் இருக்கும் இடங்கள் முதுகெலும்பும் மணிக்கட்டும். உங்கள் அம்மா ஊன்றிய கை முறிந்ததற்கும், ஸ்கேனில் இடுப்பைவிட முதுகெலும்பு மோசமாக இருப்பதற்கும் காரணம் இதுவே.

இயல்பாக மாதவிலக்கு நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் சில வருஷங்களில் ஏறி இறங்கித்தான் குறையும். அறுவையில் சினைப்பையை எடுத்தால் சில நாளிலேயே இறங்கிவிடும். நம் நாட்டில் பெண்களுக்குச் சராசரியாக 46 வயதை ஒட்டி நிற்கிறது, மேலை நாடுகளில் 51. உங்கள் அம்மாவுக்கு 37. ஈஸ்ட்ரோஜன் எலும்பைப் பாதுகாத்திருக்க வேண்டிய ஒன்பது பத்து வருஷம் கையைவிட்டுப் போயிருக்கிறது.

ஸ்கேனில் வந்த அந்த மைனஸ் எண்ணுக்கு டி-ஸ்கோர் என்று பெயர், இளம் வயதில் இருக்கும் சராசரி அடர்த்தியோடு ஒப்பிடுவது. மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் என்றால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலியும் நோய். உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வைத்த கோடு அது.

லேயர்_ஷெட்
திங்கள், காலை 6.05

நாமக்கல்லில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். டாக்டர் எழுதியதைப் படித்ததும் எனக்கு என் கோழிதான் ஞாபகம் வந்தது. மனுஷ விஷயத்தில் கோழியைக் கொண்டு வருகிறேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச்சத்து போகிறது. ஓடு கட்டுவது பெரும்பாலும் ராத்திரியில், கோழி தீனி எடுக்காத நேரத்தில். அப்போது எங்கிருந்து எடுக்கும்? எலும்பிலிருந்துதான். முட்டைக்கு வரப்போகிற பெட்டைக்குத் தொடை எலும்பின் உட்குழலில் தனியாக ஓர் எலும்பு வளரும். முட்டையிடுகிற கோழியின் தொடை எலும்பை உடைத்துப் பார்த்தால் உள்ளே வெற்றுக் குழலாக இருக்காது, சிலும்பு சிலும்பாக நிறைந்திருக்கும். சேவலுக்கு இது கிடையாது. கால்நடை டாக்டர் சொன்னார், சேவலுக்கு ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டால் அதற்கும் வளருமாம்.

நாங்கள் பிற்பகல் தீனியில் கிளிஞ்சலைப் பொடியாக அரைக்காமல் பருவெட்டாகப் போடுவோம். பருவெட்டு இரைப்பையில் தங்கி ராத்திரி முழுக்கக் கரையும், எலும்பிலிருந்து எடுப்பது குறையும். அதைக் கவனிக்காமல் விட்டால் நல்ல முட்டைக்கோழி ஒரு நாள் காலையில் கூண்டில் கால் விரித்துச் சாய்ந்து கிடக்கும். தூக்கினால் எலும்பு முறியும். ஆரம்ப காலத்தில் நான் நோய் என்று நினைத்துத் தடுப்பூசிக்காரரை அழைத்தேன். நோய் இல்லை, எலும்பு காலியாகிவிட்டது.

மாலை_ஓபி
திங்கள், காலை 8.30

தப்பாக எடுத்துக்கொள்வதா? இந்தத் துறையே அங்கிருந்துதான் தொடங்கியது. முட்டையிடும் காலத்தில் பெண் புறாவின் எலும்புக்குள் இப்படி வளர்வதை 1934-ல் எழுதினார்கள். பாஸ்டன் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இருந்த ஃபுல்லர் ஆல்பிரைட் பறவைகளில் கண்ட இதை மனதில் வைத்துக்கொண்டு தன் நோயாளிகளைப் பார்த்தார். முதுகெலும்பு நொறுங்கி வருகிறவர்களில் பெரும்பாலோர் மாதவிலக்கு நின்ற பெண்கள். ஈஸ்ட்ரோஜன் குறைவதே காரணம் என்று 1940-41-ல் எழுதினார். அதற்கு முன்பு கூன் விழுந்த கிழவிக்குப் பெரும்பாலும் மூப்பையே காரணமாகச் சொன்னார்கள். 2005-ல் மேரி ஷ்வைட்சர் டைரனோசரஸ் என்ற டைனோசர் ஒன்றின் தொடை எலும்புக்குள்ளும் இதே மாதிரித் திசுவைக் கண்டு, அது முட்டையிடும் பருவத்துப் பெண் என்றார்.

கேழ்வரகுக்கூழ்
திங்கள், முற்பகல் 11.15

எல்லாவற்றையும் ஹார்மோன் தலையில் போடுவது எனக்கு ஒப்பவில்லை. எங்கள் பாட்டி பத்துப் பிள்ளை பெற்றாள், 80 வயதுவரை தண்ணீர்க் குடம் சுமந்தாள். அவளுக்கும்தான் மாதவிலக்கு நின்றது. கேழ்வரகும் முருங்கைக்கீரையும் எள்ளும் சாப்பிட்டாள், வெயிலில் வேலை செய்தாள். இன்றைக்கு வெள்ளை அரிசியும் வெயில் படாத உடம்பும்தான் காரணம். பிரண்டைத் துவையல் வாரம் இரண்டு தடவை போதும், இத்தனை மருந்து எதற்கு?

நடைபழகு
திங்கள், பிற்பகல் 1.40

ஐயா, உங்கள் பாட்டிக்கு 80 வயதில் முதுகு நிமிர்ந்திருந்ததா? கேட்பதற்கு மன்னியுங்கள். என் பாட்டியும் குடம் சுமந்தவள். கடைசிப் பத்து வருஷம் அவள் முகத்தைப் பார்க்க நாங்கள் குனிய வேண்டியிருந்தது. "வயசானா கூன் விழும்" என்று எல்லோரும் சாதாரணமாகச் சொன்னோம். பிசியோதெரபி படித்த பிறகுதான் தெரிந்தது, அது ஒவ்வொன்றாக நொறுங்கிய முதுகெலும்பு. அவள் "இடுப்புல பிடிச்சுக்கிச்சு" என்று ஒரு வாரம் படுத்துக் கிடந்த ஒவ்வொரு தடவையும் ஒன்று நொறுங்கியிருக்கிறது. ஒரு ஒத்தட மூட்டை கொடுத்துவிட்டு எல்லோரும் வேலைக்குப் போனோம்.

கேழ்வரகுக்கூழ்
திங்கள், பிற்பகல் 2.25

கூன் இருந்தது. கோல் ஊன்றித்தான் நடப்பாள். முறிந்திருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

மாலை_ஓபி
திங்கள், இரவு 10.05

ஐயா சொல்வதில் பாதி நூற்றுக்கு நூறு சரி. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அதே அளவு பாலில் இருப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. வெயில் கொட்டுகிற நாட்டில் வைட்டமின் டி குறைவு பரவலாக இருப்பதும் உண்மை. குடம் சுமந்தது, நடந்தது, உரலில் இடித்தது எல்லாம் எலும்புக்கு நல்லது. பாரம் விழுகிற எலும்பு வலுக்கும்.

ஆனால் ஈஸ்ட்ரோஜன் இறங்கிய முதல் ஐந்து ஏழு வருஷத்தில் நடக்கும் வேகமான இழப்பைக் கால்சியத்தால் மட்டும் நிறுத்த முடியாது. அந்த வருஷங்களில் சிலருக்கு ஐந்தில் ஒரு பங்கு எலும்புவரை போய்விடுகிறது. அரிக்கிறவை தடுப்பார் இல்லாமல் ஓடும்போது, எலும்பிலிருந்து கரைந்த கால்சியமே ரத்தத்தில் போதுமான அளவு இருக்கும். உடம்பு உணவிலிருந்து குறைவாக எடுத்துக்கொள்ளும், சிறுநீரில் கூடுதலாக வெளியே விடும். கேழ்வரகு வேண்டும், அது மட்டும் போதாது. பிரண்டையில் விலங்குச் சோதனைகள் நம்பிக்கை தருவதாக இருக்கின்றன. துவையல் தாராளமாகச் சாப்பிடுங்கள். மைனஸ் 3.4 இருக்கிறவருக்கு மாத்திரைக்குப் பதிலாக அதைக் கொடுக்காதீர்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

ஊஞ்சல்பலகை
திங்கள், இரவு 10.50

ஈஸ்ட்ரோஜன் குறைவுதான் காரணம் என்றால் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையே கொடுத்துவிடலாமே? ஆனால் அதில் புற்றுநோய் வரும் என்று எங்கள் தெருவில் எல்லோரும் பயப்படுகிறார்கள். 48 வயது எனக்கு. போன வருஷம் நின்றது. ராத்திரியில் உடம்பு தகிக்கிறது, கேட்கவே பயமாக இருக்கிறது.

மாலை_ஓபி
செவ்வாய், காலை 7.15

அந்தப் பயம் 2002-ல் வந்தது. அமெரிக்காவில் பெண்கள் நல முன்னெடுப்பு என்ற பெரிய ஆய்வில் 16,608 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை அல்லது மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மார்பகப் புற்று, மாரடைப்பு, பக்கவாதம் கூடியதால் ஜூலை 2002-ல் பாதியில் நிறுத்தினார்கள். செய்தி உலகம் முழுக்கப் போனது. அதே ஆய்வில் இடுப்பெலும்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது என்ற செய்தி அவ்வளவாகப் போகவில்லை. அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பதும் போகவில்லை.

கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த பிரிவில் மார்பகப் புற்று கூடவில்லை. பக்கவாதம் சற்றுக் கூடியது, 2004-ல் அதையும் நிறுத்தினார்கள். எலும்பு முறிவு அங்கும் குறைந்தது.

உங்கள் வயதில், நின்று ஒரு வருஷத்தில், உடம்பு தகிக்கிற தொல்லையும் இருந்தால் கணக்கு வேறு. உங்களுக்கோ குடும்பத்திலோ மார்பகப் புற்று, ரத்தக்கட்டி இருந்ததா, உங்களுக்குக் கல்லீரல் நோய் உண்டா என்று பார்த்து டாக்டர் முடிவு செய்வார். பயப்படாமல் போய்க் கேளுங்கள்.

இழையைத் தொடங்கிய தங்கைக்கு: 45-க்கு முன் சினைப்பையை எடுத்தால், தடை ஒன்றும் இல்லாதவர்களுக்கு இயல்பாக நிற்கும் வயதுவரை ஈஸ்ட்ரோஜன் கொடுக்க வேண்டும். இது பொதுவான வழிமுறை. அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு வருத்தம். இப்போது 51-ல், 14 வருஷம் கழித்து, எலும்புக்காக அதைத் தொடங்குவதைவிட எலும்புக்கென்றே இருக்கும் மருந்துதான் சரி.

மேற்குத்தெரு
செவ்வாய், இரவு 8.00

அப்பாவுக்கு 71 வயது. ப்ராஸ்டேட் புற்றுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஊசி போடுகிறார்கள், ஆண் ஹார்மோனை அடக்குகிற ஊசி. இரண்டு வருஷம் ஆகிறது. போன வாரம் டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தார், வேகத்தடையில் ஒரு தூக்கு தூக்கிப் போட்டது. அன்றிலிருந்து முதுகை நிமிர்த்த முடியவில்லை. எக்ஸ்ரேயில் ஒரு முதுகெலும்பு அமுங்கியிருக்கிறது. புற்று பரவிவிட்டதோ என்று வீடே அழுதது. இல்லை, எலும்பு மெலிந்ததுதான் என்றார்கள். ஆண்களுக்கும் இது வருமா?

மாலை_ஓபி
செவ்வாய், இரவு 11.30

வரும், அதிலும் இந்த ஊசி போடுகிறவர்களுக்கு எதிர்பார்க்கவே வேண்டும். டெக்ஸா எடுத்து எலும்புக்கு மருந்து தொடங்கும்படி புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆனால் ஆண் ஹார்மோன் அடங்கியதுதான் காரணம் என்று நீங்கள் நினைத்தால், அது பாதிதான் சரி. ஆணின் எலும்பைக் காப்பது ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் என்றுதான் நாங்களும் ரொம்ப நாள் நினைத்தோம். 1994-ல் எரிக் ஸ்மித்தும் கூட்டாளிகளும் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். 28 வயது ஆண், உயரம் 204 சென்டிமீட்டர், இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். எலும்பின் வயது 15 வயதுப் பையனுடையது. அடர்த்தியோ கிழவருடையது மாதிரி. டெஸ்டோஸ்டிரோன் குறைவே இல்லை. ஈஸ்ட்ரோஜன் அளவு உயர்ந்துகூட இருந்தது, ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி பிறவியிலேயே வேலை செய்யவில்லை. அதாவது ஆண் ஹார்மோன் முழுதாக இருந்தும், ஈஸ்ட்ரோஜன் எட்டாததால் எலும்பு முனையில் நீளத்தைக் கூட்டும் வளர்ச்சித் தகடு மூடவில்லை, எலும்பும் கெட்டிப்படவில்லை.

ஆணின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி அரோமடேஸ் என்ற நொதியால் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. கொழுப்பில், எலும்பிலேயேகூட. அந்த நொதி இல்லாமல் பிறந்த ஆண்களுக்கும் இதே கதி. டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துப் பயனில்லை, ஈஸ்ட்ரோஜன் கொடுத்ததும் வளர்ச்சித் தகடு மூடி எலும்பு கெட்டியானது. 2000-ல் மேயோ கிளினிக்கில் வயதான ஆண்களை வைத்துப் பார்த்தபோது, எலும்பு அரிப்பைத் தடுப்பதில் பெரும்பங்கு ஈஸ்ட்ரோஜனுடையது என்று தெரிந்தது. 70 வயது ஆணின் ரத்தத்தில் அதே வயதுப் பெண்ணைவிட ஈஸ்ட்ரோஜன் அதிகம் இருக்கும். கேட்டால் பலர் நம்ப மாட்டார்கள்.

உங்கள் அப்பாவுக்குப் போடும் ஊசி டெஸ்டோஸ்டிரோனை நிறுத்துகிறது. அதிலிருந்து வரவேண்டிய ஈஸ்ட்ரோஜனும் நின்றுவிடுகிறது. இரண்டு பக்கமும் அடி.

டெஸ்டோஸ்டிரோனுக்கு வேலையே இல்லை என்று அர்த்தமில்லை. பருவ வயதில் எலும்பின் வெளிப்பக்கத்தில் புது அடுக்கு சேர்த்து அகலமாக்குவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. தசையையும் அதுதான் வளர்க்கிறது.

மேற்குத்தெரு
புதன், காலை 6.40

நன்றி டாக்டர். அப்போ வயதானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் எலும்பு முறியாது இல்லையா? அப்பாவுக்குக் கொடுக்க முடியாது, தெரியும். சித்தப்பாவுக்கு 60 வயது, ஜிம்மில் யாரோ ஜெல் தடவச் சொல்லியிருக்கிறார்கள்.

மாலை_ஓபி
புதன், காலை 9.00

நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். டெஸ்டோஸ்டிரோன் குறைந்த, 45 முதல் 80 வயதுக்குட்பட்ட 5,000-க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு ஜெல் கொடுத்துப் பார்த்த ஆய்வின் எலும்பு முடிவு 2024 ஜனவரியில் வந்தது. ஜெல் தடவியவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு முறிவு, மருந்தில்லாத வெற்று ஜெல் தடவியவர்களில் 2.5 சதவீதம். குறைய வேண்டியது கூடியிருக்கிறது. தெம்பு வந்து கூடுதலாக நடமாடி விழுந்தார்களா என்று பேசிக்கொள்கிறார்கள், காரணம் இன்னும் உறுதியாகவில்லை. சித்தப்பா ரத்தப் பரிசோதனை இல்லாமல் தடவ வேண்டாம்.

800மீட்டர்
புதன், மாலை 4.30

எனக்கு 19 வயது. மாவட்ட அளவில் 800 மீட்டர் ஓடுகிறேன். எட்டு மாதமாக பீரியட்ஸ் வரவில்லை. எடை குறைத்திருக்கிறேன், நேரமும் குறைந்திருக்கிறது. சீனியர் அக்காக்கள் "நல்லா ட்ரெய்னிங் பண்றேன்னு அர்த்தம், எங்களுக்கும் அப்படித்தான்" என்றார்கள். இப்போது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் கோடு மாதிரி விரிசல். இந்த இழையைப் படித்த பிறகு பயமாக இருக்கிறது. இதுவும் அதுதானா?

மாலை_ஓபி
புதன், இரவு 9.20

அதுவாகத்தான் தோன்றுகிறது அம்மா. முதலில் கர்ப்பம், தைராய்டு, புரோலாக்டின் எல்லாம் பார்த்துவிட வேண்டும். அவை சரியாக இருந்தால், ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு போதவில்லை என்று உன் மூளை முடிவு செய்துவிட்டது. இனப்பெருக்கத்துக்கு இப்போது வசதியில்லை என்று சினைப்பைக்குப் போகும் கட்டளையை நிறுத்திவிடும். ஈஸ்ட்ரோஜன் 50 வயதுக்காரி அளவுக்கு இறங்கும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-லேயே இதைப் பற்றித் தனியாக அறிக்கை எழுதியது.

உன் வயது எலும்பைச் சேர்த்துவைக்கும் வயது. இருபதுகளின் கடைசிக்குள் சேர்ப்பதுதான் ஆயுசுக்கும். மருந்து சோறுதான், உண்மையாகவே சொல்கிறேன். கருத்தடை மாத்திரை கொடுத்து மாதம் தவறாமல் ரத்தம் வரவைப்பார்கள், அது எலும்பைக் காக்காது, எல்லாம் சரியாகிவிட்டது என்ற நினைப்பை மட்டும் தரும். விரிசல் ஆறும்வரை ஓடாதே. பீரியட்ஸ் நிற்பது நல்ல பயிற்சிக்கு அடையாளம் இல்லை என்று அந்த அக்காக்களிடமும் சொல். அவர்களுக்கும் டெக்ஸா தேவைப்படலாம்.

செவ்வந்திப்பூ
வியாழன், இரவு 1.15

நான் திருநங்கை. எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். 22 வயதில் நிர்வாணம், அதாவது ஆணுறுப்பையும் விதைப்பையையும் நீக்கும் அறுவை, செய்துகொண்டேன். கூட இருந்த அக்கா சொல்லி மருந்துக்கடையில் கருத்தடை மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன், நாலைந்து வருஷம். அப்புறம் கால் வீங்கியது, பயந்து விட்டுவிட்டேன். இப்போது 39. எந்த ஹார்மோனும் இல்லை. பழைய அடையாள அட்டைக்கு எடுத்த உயரத்தைவிட இப்போது நாலு சென்டிமீட்டர் குறைவாக இருக்கிறேன் என்று போன மாதம் ஒரு முகாமில் அளந்தவர் சொன்னார். தப்பாக அளந்திருப்பார் என்று விட்டுவிட்டேன். முதுகு வலி தினமும் உண்டு. எங்கள் ஜமாத்தில், அதாவது திருநங்கைகள் கூட்டத்தில், வயதான அம்மாக்கள் பாதிப் பேர் குனிந்துதான் நடக்கிறார்கள். நாங்கள் ஆடி ஆடி இடுப்பு போச்சு என்று நினைத்தோம்.

மாலை_ஓபி
வியாழன், காலை 7.00

எழுதியதற்கு நன்றி அம்மா. இந்த இழையில் மிக அவசரமாகப் பார்க்க வேண்டியவர் நீங்கள் என்று நினைக்கிறேன்.

விதைப்பை இல்லை, ஈஸ்ட்ரோஜனும் எடுக்கவில்லை என்றால் உங்கள் எலும்புக்கு இரண்டு காவலும் இல்லை. நான்கு சென்டிமீட்டர் குறைவு என்பது முதுகெலும்பு அமுங்கியிருக்கலாம் என்பதற்கு அடையாளம். முதுகெலும்பு எக்ஸ்ரேயும் டெக்ஸாவும் இந்த வாரமே எடுங்கள். பழைய கருத்தடை மாத்திரையைத் திரும்பத் தொடங்காதீர்கள். கால் வீங்கியது ரத்தக்கட்டியாக இருந்திருக்கலாம், அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். தோலில் ஒட்டும் பட்டையாக, ஜெல்லாக ஈஸ்ட்ரடியால் என்ற ஈஸ்ட்ரோஜன் கொடுக்கும் வழி உண்டு, அதில் கட்டி ஆபத்து குறைவு. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் உங்களுக்கென்று தனிப்பிரிவு இருக்கிறது. உங்கள் அம்மாக்களையும் அழைத்துப் போங்கள்.

பொருநைக்கரை
வியாழன், காலை 10.40

செவ்வந்தி அக்கா, நீங்கள் மதுரை போவதாக இருந்தால் சொல்லுங்கள். என் தோழி அங்கேதான் இருக்கிறாள். சீட்டு போட, வரிசையில் நிற்கத் துணைக்கு வருவாள். தனிச்செய்தியில் எண் அனுப்புகிறேன்.

செவ்வந்திப்பூ
வியாழன், இரவு 11.50

சரிம்மா. அனுப்பு. இரண்டு அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

நடைபழகு
வெள்ளி, பிற்பகல் 2.00

மாத்திரையைப் பற்றி யாரும் சொல்லவில்லை, ஆகவே நான். அம்மாவுக்கு எழுதியது வாரம் ஒரு தடவை போடும் அலென்ட்ரோனேட்டாக இருந்தால், காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பச்சைத்தண்ணீரோடு போட வேண்டும். காப்பியோடு கூடாது. போட்டுவிட்டு அரைமணி நேரம் படுக்கக் கூடாது, சாப்பிடவும் கூடாது. படுத்தால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

டெனோசுமாப் என்ற ஆறு மாத ஊசி சிலருக்குப் போடுவார்கள், டாக்டர் சொன்ன ரேங்க்-எல்லைப் பிடித்து வைப்பது அது. நல்ல மருந்து, ஆனால் பாதியில் சும்மா நிறுத்தக் கூடாது. காசில்லை என்று ஒரு தவணையை விட்டுவிட்டு, முதுகெலும்பு வரிசையாக நொறுங்கி வந்த ஓர் அம்மாவுக்கு நான் ஆறு மாதம் பயிற்சி கொடுத்தேன். நிறுத்துவதானால் வேறு மருந்துக்கு மாற்றிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

பொருநைக்கரை
மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 8.45

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மாவை ஹார்மோன் டாக்டரிடம் அழைத்துப் போனேன். வைட்டமின் டி 11 தான் இருந்தது. அதை முதலில் சரிசெய்து, பல் டாக்டரிடம் காட்டி, ஒரு சொத்தைப் பல்லைப் பிடுங்கி ஆறவிட்ட பிறகு, நேற்று வருஷத்துக்கு ஒரு தடவை ஏற்றும் ஜோலெட்ரோனிக் ட்ரிப் போட்டார்கள். ராத்திரி காய்ச்சல், உடம்பெல்லாம் வலி. முதல் தடவை அப்படித்தான் வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. பாராசிட்டமால் கொடுத்துக் கஞ்சி வைத்தேன். கொல்லைப்புறத்தில் துவைகல்லைச் சுற்றிப் பாசியைச் சுரண்டிவிட்டு, பிடித்துக்கொள்ள ஒரு குழாய் பதித்துவிட்டார் அப்பா.

இன்னொன்று. என் சித்திக்கு 41 வயது. நாலு மாதமாக உதிரம் அதிகம். ஒரு மருத்துவமனையில் "கர்ப்பப்பையை எடுத்துடலாம், அப்படியே சினைப்பையையும் எடுத்துட்டா பின்னாடி கேன்சர் பயம் இல்லை" என்று தேதியே குறித்துவிட்டார்கள். சித்தியும் சரி என்றுவிட்டாள். அம்மா கட்டுப்போட்ட கையோடு பஸ் ஏறிப் போய், அந்தக் கிழிந்த டிஸ்சார்ஜ் சம்மரியை அவள் முன்னால் விரித்து வைத்து, அந்த ஆறு எழுத்தைக் காட்டினாள். நான் பக்கத்தில் இருந்தேன். டாக்டர் எங்களுக்குச் சொன்னதை அம்மா ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

வேறு மகப்பேறு டாக்டரிடம் காட்டினோம். சினைப்பை இரண்டும் நன்றாக இருக்கிறது, குடும்பத்தில் யாருக்கும் சினைப்பைப் புற்றோ மார்பகப் புற்றோ இல்லை, எடுக்கக் காரணமே இல்லை என்றார். கர்ப்பப்பையைக்கூட இப்போதே எடுக்க வேண்டாம், ஹார்மோன் வைத்த காப்பர்-டி மாதிரிக் கருவி ஒன்று இருக்கிறது, ஆறு மாதம் வைத்துப் பார்க்கலாம் என்றார். கருவி வைக்க வருகிற புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். போய்வந்து எழுதுகிறேன்.

மாலை_ஓபி
சனி, இரவு 10.30

மகிழ்ச்சி. ஒரு வேளை பின்னால் கர்ப்பப்பையை எடுக்க நேர்ந்தாலும், ஒப்புதல் படிவத்தில் சினைப்பை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுச் சித்தி கையெழுத்துப் போடட்டும். சினைப்பையை விட்டுவைத்தாலும் கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு ஓரிரு வருஷம் முன்னதாகவே ஈஸ்ட்ரோஜன் குறையலாம், மாதவிலக்கு இல்லாததால் அது தெரியவும் தெரியாது. 45-ஐ ஒட்டி ஒரு டெக்ஸா எடுக்கச் சொல்லுங்கள்.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் ஆயிரக்கணக்கில், முப்பதுகளிலேயே கர்ப்பப்பையை எடுத்திருந்தது 2019-ல் வெளியே வந்தது. மாதவிலக்கு நாளில் கூலி போய்விடக் கூடாது என்று எடுத்துக்கொண்டவர்களும் அதில் உண்டு. அவர்களின் எலும்பை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. உங்கள் அம்மாவை அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

பொருநைக்கரை
ஞாயிறு, காலை 7.20

லேமினேட் செய்து வைத்திருக்கிறாள் டாக்டர். பக்கத்து வீட்டு அத்தை நேற்று வந்து, தன் சீட்டிலும் அதே எழுத்து இருக்கிறதா என்று பார்க்கக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இருக்கிறது. அவருக்கு 44 வயது.